தலைக்கவசத்துக்குள் கேட்ட மூச்சு

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, வருடம் சரியாக நினைவில்லை. மே மாதம் என்பது மட்டும் நிச்சயம். கல்யாணமாகி ஏழெட்டு மாதத்தில் மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். என் கணவருக்குத் திருமங்கலத்தில் வேலை. காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஏழாகிவிடும். நான் இரண்டு தெரு தள்ளி, பல் செட் செய்யும் ஒரு லேபில் வேலை பார்த்தேன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அச்சு வார்த்து, மெழுகில் செதுக்கி, பல் செட்டாக்கிக் கொடுப்போம். அரை மில்லிமீட்டர் தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்கு ஈறு புண்ணாகிவிடும். அதனால் அளவு விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம்.

எனக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. அதை அந்தத் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்தே விண்வெளிப் படம் என்றால் எனக்கு உயிர். ஒரு வெளிநாட்டுப் படத்தில் விண்கலத்தின் கதவைக் காக்கிற காவல்வீரன் ஒருவன் வருவான். சாம்பல் நிறக் கவசம், முகமே தெரியாத தலைக்கவசம். படம் முழுக்கச் சேர்த்தால் நான்கு நிமிஷம்கூட வரமாட்டான், ஒரு வசனமும் கிடையாது. அந்த உடுப்பை அச்சு அசலாக வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. சிடியை ஓடவிட்டு, அவன் வருகிற இடத்தில் நிறுத்தி, டிவி திரை மேலேயே ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்வேன். பிரவுசிங் சென்டரில் தேடியபோதுதான், உலகம் முழுக்க என்னைப் போல ஆட்கள் இருப்பதும் அவர்களுக்கென்று ஒரு குழு இருப்பதும் தெரிந்தது. செய்த உடுப்பைப் போட்டோ எடுத்து அனுப்பினால் பார்த்து, சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். லேசில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வலது கன்னத்தில் ஏழு கோடு, இடது கன்னத்தில் எட்டு கோடு இருக்க வேண்டும், உங்களுடையதில் இரண்டு பக்கமும் ஏழு என்று ஒருவருக்குப் பதில் எழுதியிருந்ததைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். நான் எட்டு போட்டிருந்தேன்!

ஆறு மாதம் ஆனது. பி.வி.சி. தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் அறுத்து, அடுப்பு அனலில் காட்டி, இளகும்போது பலகையில் அமுக்கித் தட்டையாக்கினால் மார்புக் கவசத்துக்குத் தகடு கிடைத்துவிடும். கழுத்திலிருந்து முதுகுக்குப் போகிற குழாய் வாஷிங் மெஷினுடையது. கண்ணுக்கு முன்னால் வருகிற கண்ணாடி, பைக் ஹெல்மெட்டின் முகமறைப்பு. அதன் மேல் கார் ஜன்னலுக்கு ஒட்டுகிற கறுப்புத் தாள். தலைக்கவசத்தைப் பல் செட் செய்கிற அதே முறையில்தான் செய்தேன். களிமண்ணில் வடித்து, அச்செடுத்து, ஊற்றினால் இறுகிப்போகிற பிசினில் வார்த்தேன். வீடு முழுக்க அந்தப் பிசின் நெடி அடிக்கும். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா, "என்னம்மா, ஆஸ்பத்திரி வாடை வருது?" என்று கேட்டால், லேப் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று சொல்லிச் சமாளிப்பேன். கணவருக்கு எல்லாம் தெரியும். அவர் சிரிப்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புத்தாள் தேய்த்தும் கொடுப்பார். ஆனால் மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று இருவருக்குமே பயம். புது மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு வேஷம் கட்டுகிறாள் என்று தெருவே பேசும் அல்லவா?

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. படத்தில் அந்த வீரனின் காதோரம் ஒரு சிவப்பு விளக்கு எரியும், கூடவே வயர்லெஸ் மாதிரி கரகரவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் பொம்மை வாக்கி-டாக்கி ஜோடி ஒன்று வாங்கினேன். அதில் ஒன்றைப் பிரித்துத் தலைக்கவசத்துக்குள் பொருத்தினேன். ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில், கம்பி பின்மண்டை வழியாக. விளக்கையும் அதே பேட்டரியில் இணைத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், காதுக்குள் 'உஸ்ஸ்' என்று மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல் கேட்கும். வேறு எதுவும் கேட்காது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடிவந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்கு முன்னாடி இருந்த அம்மா அந்தப் பின்னறையிலதேன் ரொம்ப நாள் படுத்த படுக்கையா கெடந்து போச்சு. மூச்சு விட முடியாம ரொம்ப செரமப்பட்டுச்சு பாவம்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பின்னறைதான் என் பட்டறை. பகலில் அதை நினைக்க மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த அறைக்குள் தனியாகப் போகவும் மாட்டேன்.

அன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை மின்தடை. முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். கரண்ட் இல்லாமல் லேபில் எந்த மெஷினும் ஓடாது என்பதால் எனக்கு லீவு. அந்த வாரத்துக்குள் குழுவுக்குப் போட்டோ அனுப்பியாக வேண்டும், விட்டால் அடுத்த வருடம்தான். கீழ்வீட்டுக்காரர்களும் ஒரு விசேஷத்துக்குப் பரவைக்குப் போயிருந்தார்கள். இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மின்தடை நாளில் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிவி இல்லை, மிக்ஸி இல்லை, மோட்டார் இல்லை. வெயிலுக்குப் பயந்து எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்திவிட்டிருந்தார்கள். பத்து மணிக்கே வெளிச்சம் கண்ணைக் கூசியது. காக்கா சத்தம்கூட இல்லை. ஊரே எழுந்து எங்கோ போய்விட்டு, என்னை மட்டும் மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

பத்தரை மணி இருக்கும். பின்னறையில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டேன். கால் கவசம், மார்புக் கவசம், கை உறை, அதன் மேல் முழங்கை வரை வருகிற தகடு. எல்லாவற்றுக்கும் பின்பக்கம் வார்ப்பட்டை. தனியாளாக மாட்ட அரைமணி நேரம் ஆகும், கழற்றவும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும். கடைசியாகத் தலைக்கவசத்தை வைத்து, சுவிட்சைத் தட்டிவிட்டு, பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றேன்.

கண்ணாடியில் நான் இல்லை. அவன் நின்றான். நான் செய்ததுதான், இருந்தும் ஒரு நொடி உடம்பு சிலிர்த்தது. அசையாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கவசத்துக்குள் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். உள்ளே போகிற சத்தம், வெளியே வருகிற சத்தம்.

கொஞ்ச நேரத்தில் மனசுக்குள் ஏதோ இடித்தது. மூச்சு சீராக இல்லை. நான் அமைதியாகத்தானே நிற்கிறேன், ஏன் இப்படி இளைக்கிறது என்று யோசித்தேன். சோதித்துப் பார்க்க மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

என் காதோரம் வேறு யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். விட்டு விட்டு, இழுத்து இழுத்து. சில நொடி கேட்கும், டக்கென்று அறுந்து இரைச்சலாகும், மறுபடி கேட்கும். பிறகு அந்த மூச்சு பேச ஆரம்பித்தது. பெண் குரல். தாழ்ந்த, களைத்துப்போன குரல். என்ன மொழி என்றே புரியவில்லை. தெலுங்கு மாதிரி ஒரு வார்த்தை, இந்தி மாதிரி ஒரு வார்த்தை, ஆனால் இரண்டும் இல்லை. யாரிடமோ மெதுவாக, பொறுமையாக, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. நடுவில் ஒரு விசும்பல்.

தலைக்கவசத்தை எப்படிப் பிய்த்து எடுத்தேன் என்று தெரியாது. கட்டிலில் எறிந்தேன். அறை பளிச்சென்று வெயிலாக இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. கட்டிலில் கிடந்த தலைக்கவசம் என் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தது, காதோரம் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது அத்தனையும் நினைவுக்கு வந்தது. மூச்சு விட முடியாமல்... இந்தப் பின்னறையில்... கையை நீட்டிச் சுவிட்சை அணைத்துவிட்டு, கவசத்தோடேயே கூடத்துக்கு ஓடிவந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போலீஸ் வயர்லெஸாக இருக்கும். ஏதாவது ரேடியோவாக இருக்கும். பிசின் நெடியில் தலை கிறுகிறுத்திருக்கும். மெல்ல எல்லாவற்றையும் கழற்றினேன். முகம் கழுவினேன். தயிர்சாதம் பிசைந்து சாப்பிட்டேன். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாரப் பத்திரிகையை விரித்துப் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தக் குரல் அழுதது எனக்குக் கேட்டது. அழுகிறவர் யாராக இருக்கும் என்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. எனக்கு என்ன ஆகும் என்று மட்டும்தான் யோசித்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஆசை பயத்தை ஜெயித்தது. மூன்று மணி வெயிலில் மொட்டைமாடியில் நின்றால் போட்டோ நன்றாக விழும். டைமர் வைத்த கேமராவை இரவல் வாங்கி வைத்திருந்தேன். இன்றைக்கு விட்டால் இல்லை. கூடத்திலேயே வைத்து, சாமி படத்தைப் பார்த்தபடி, எல்லாவற்றையும் மறுபடி மாட்டினேன். சுவிட்சைப் போடாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சிவப்பு விளக்கு எரியாவிட்டால் குழுவில் ஏற்க மாட்டார்களே! பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன்.

இரைச்சல். இரைச்சல் மட்டும். அப்பாடா என்று நினைத்த நேரம், மூச்சு.

காலையில் கேட்டதைவிட மெலிந்திருந்தது. இடைவெளியும் அதிகம். மறுபடி அதே புரியாத மொழி. நடுவில் திடீரென்று ஒரு தமிழ் வார்த்தை வந்தது. "தண்ணி... யாராச்சும்..."

கை தலைக்கவசத்தைப் பிடித்துவிட்டது. கழற்றப் போனேன். அப்போது கீழே தெருவில், சைக்கிளில் உப்பு விற்கிறவர் கிழக்குப் பக்கமாகப் போனார். "உப்பேய்... கல்லுப்பேய்..." என்று சன்னமாகக் காதில் விழுந்தது. அரை நிமிஷம் கழிந்திருக்கும். தெருவில் அவர் குரல் தேய்ந்து கேட்காமலே போய்விட்டது. அதே நேரத்தில் என் காதோரம், அந்த இரைச்சலுக்குள், அந்த மூச்சுக்குப் பின்னால், "உப்பேய்... கல்லுப்பேய்..." என்று தெளிவாகக் கேட்டது.

அதே ஆள். அதே இழுவை.

இன்று நினைத்தாலும் எனக்கு அந்த நொடி அப்படியே நிற்கிறது. உப்புக்காரர் இப்போது கடந்துபோகிற ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்துதான் இந்தக் குரல் வருகிறது. இதே தெரு, கிழக்குப் பக்கம். செத்துப்போனவர் யாரும் பேசவில்லை. உயிரோடு ஒரு பெண் தண்ணீர் கேட்கிறாள். காலை பதினோரு மணியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வாக்கி-டாக்கியின் பேசுகிற பொத்தானை அழுத்தி, "யாருங்க? எங்க இருக்கீங்க?" என்று கத்தினேன். அந்தக் குரல் பாட்டுக்குத் தன் போக்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் பேசுவது அங்கே கேட்கவில்லை.

உடுப்பைக் கழற்ற நேரமில்லை. தலைக்கவசத்தைக் கழற்றினால் வழி தெரியாது, குரல் அதற்குள்தான் இருக்கிறது. ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு மறைத்ததை எல்லாம் மாட்டிக்கொண்டு, தட்டுத் தடுமாறி மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

வெயில் வெள்ளையாக இருந்தது. கறுப்புத் தாள் வழியாகப் பார்க்கும்போது தெரு முழுக்கச் சாயங்காலம் மாதிரி மங்கித் தெரிந்தது. ஒரு மனுஷர் இல்லை. என் தகடுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், என் மூச்சு, அந்த அம்மாவின் மூச்சு. இரண்டு மூச்சோடு நடந்தேன்.

தெரு நடுவில் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கும். கரிப்பெட்டி என்பதால் அவருக்கு மின்தடை கிடையாது. குனிந்து சட்டை தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பெட்டியைக் கையில் தூக்கியபடி அப்படியே பின்னால் நகர்ந்து மரத்தில் முட்டிக்கொண்டார்.

"ஆத்தாடி! யாருப்பா அது? கிட்ட வராத!"

"அண்ணே, நான்தான். கோடி வீட்டு மாடியில குடியிருக்கேன்ல, பல் செட் பண்ற பொண்ணு."

"நீயாம்மா? ஈரக்கொலையே நடுங்கிப்போச்சே! என்னம்மா இது வேசம்?"

"அப்புறம் சொல்றேண்ணே. இந்தப் பக்கம் எந்த வீட்டுலயாச்சும் யாராவது தனியா இருக்காங்களா? யாரோ தண்ணி கேக்குறாங்க. எனக்கு இதுக்குள்ள கேக்குது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தது தெரிந்தது. ஆனால் அவர் கேள்வி கேட்டு நேரத்தைக் கடத்தவில்லை. கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தார். நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று போனேன். முதல் வீடு, இரண்டாவது வீடு, இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. நான்காவது வீட்டுக் கேட்டில் இரைச்சல் சுத்தமாக அடங்கி, அந்த மூச்சு என் தோள்மேல் தலைவைத்து விடுகிற மாதிரி கேட்டது. ஐந்தாவது வீட்டுக்குப் போனேன், மறுபடி இரைச்சல். திரும்பி வந்தேன்.

"இந்த வீடுதாண்ணே."

"டீச்சரம்மா வீடு. பிள்ளை கோயமுத்தூர் ஹாஸ்டல்ல படிக்குது, இவுக மட்டுந்தேன் இருக்காக. பத்து மணிக்குத் துணி கொண்டாரேன்னு சொன்னாக, வரல. நானும் லீவுக்கு ஊருக்குப் போயிருப்பாகன்னு நெனைச்சுட்டேன்" என்றவர், கேட்டைத் தாண்டிக் குதித்து உள்தாழைத் திறந்துவிட்டார்.

முன்கதவு உள்ளே பூட்டியிருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் போனேன். படுக்கையறை ஜன்னல் பாதி திறந்திருந்தது. கம்பியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன்.

தரையில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் கவிழ்ந்த ஸ்டூல். ஒரு கால் இருக்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. கையில் ஒயர் இல்லாத கார்டுலெஸ் போன், அதை உதட்டோடு வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது ஜன்னலுக்கு அந்தப் பக்கம், குரல் வந்தது என் காதுக்குள்.

ஜன்னலில் நிழல் விழுந்ததும் அவர் திரும்பிப் பார்த்தார். முகமில்லாத ஒரு சாம்பல் உருவம், காதோரம் சிவப்பு விளக்கோடு அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவர் கத்தவில்லை. போனைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் கஷ்டப்பட்டு நெஞ்சுக்கு மேல் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டார். கூட்டிப்போக வந்துவிட்டார்கள், சரி, வருகிறேன் என்று சொல்கிற மாதிரி.

என் வாழ்நாளில் யாரும் என்னைப் பார்த்து அப்படிக் கண்மூடியதில்லை. இனியும் யாரும் மூடக் கூடாது.

தலைக்கவசத்தைக் கழற்றிச் சந்திலேயே போட்டேன். "அம்மா, பயப்படாதீங்க. நான் இந்தத் தெருப் பொண்ணும்மா. இஸ்திரி அண்ணனும் வந்திருக்காரு. இதோ வந்துட்டோம்" என்றேன். அவர் கண் திறந்து, வியர்வையில் ஒட்டிய என் தலைமுடியையும் பொட்டையும் பார்த்தார். அப்புறம்தான் வாய்விட்டு அழுதார்.

பின்கதவுக்குப் பக்கத்தில் சமையலறை ஜன்னல். கண்ணாடியை அந்தக் கவசக் கையாலேயே குத்தினேன். மூன்றாவது குத்தில் கண்ணாடி உடைந்தது, முழங்கைத் தகடும் நெடுக விரிந்துவிட்டது. உறையைக் கழற்றிவிட்டு, கம்பிக்குள் கைவிட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாளை எடுத்தேன். கை இரண்டு இடத்தில் கிழிந்ததே அப்புறம்தான் தெரிந்தது. நான் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இஸ்திரி அண்ணன் செருப்புகூடப் போடாமல் அந்த வெயிலில் மெயின் ரோட்டு மருந்துக்கடைக்கு ஓடினார். அங்கிருந்து போன் செய்து ஆஸ்பத்திரி வேனோடு திரும்பினார். வேனில் வந்தவர்கள் என் கோலத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கியது நினைவிருக்கிறது. நான் அதே உடுப்போடுதான் ஆஸ்பத்திரிக்கும் போனேன். தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. எனக்கு வெட்கமே தோன்றவில்லை.

தொடை எலும்பு முறிந்திருந்தது. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. உடம்பில் நீர்ச்சத்து மோசமாக இறங்கிவிட்டது, இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

நடந்தது இதுதான். கரண்ட் போனதும் பரணில் இருந்த கைவிசிறியை எடுக்க ஸ்டூலில் ஏறியிருக்கிறார். மகள் வழக்கமாகப் பத்து மணிக்குப் பேசுவாள் என்பதால் போன் இடுப்பில் இருந்திருக்கிறது. விழுந்தவர் எழுந்திருக்க முடியாமல் போனை அழுத்தி அழுத்திப் பேசியிருக்கிறார். கரண்ட் இல்லாததால் சுவரில் மாட்டியிருந்த அதன் தாய்ப்பெட்டி செத்துக் கிடந்தது. கையிலிருந்த போனில் பேட்டரி இருந்ததால், அழுத்தும்போதெல்லாம் சில நொடிகளுக்கு அது மட்டும் குரலைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. என் பொம்மை வாக்கி-டாக்கியும் கிட்டத்தட்ட அதே அலையில் வேலை செய்வதால் பிடித்துவிட்டது என்று டிவி ரிப்பேர் பார்க்கிற ஒருவர் பின்னால் விளக்கினார். புரியாத மொழியும் புரிந்தது. அவர் சௌராஷ்டிரக் குடும்பம். மதுரைக்குப் புதிதாக வந்த எனக்கு அந்த மொழியைக் கேட்டே பழக்கமில்லை. மற்றவர்களிடம் மதுரைத் தமிழில் வெளுத்து வாங்குகிறவர், வீட்டு ஆட்களிடம் மட்டும் அதைப் பேசுவார்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, மகளும் பக்கத்தில் இருந்தாள். அப்போது அவரே சொன்னார்.

"போனு செத்துப்போச்சுன்னு கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சுபோச்சுங்க. ஆனாலும் விடல. பீரோ சாவி எங்க இருக்கு, பரீச்சைய மட்டும் விட்றாத, அழுவாதன்னு இவகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்கு என்னமோ யாரோ கேட்டுக்கிட்டு இருக்காகன்னே தோணுச்சு. அதுதேன் பேசிக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவைக் காப்பாற்றிய அக்கா என்றாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு மாதம் தாங்கினேன். அவர் வீடு திரும்பி, ஊன்றுகோலோடு நாலு அடி நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் போய் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். காலை பதினோரு மணிக்கே கேட்டேன், பேய் என்று நினைத்துச் சுவிட்சை அணைத்தேன், சாப்பிட்டேன், மூன்றரை மணி நேரம் சும்மா இருந்தேன், போட்டோ ஆசை இல்லையென்றால் மறுபடி போட்டிருக்கவே மாட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு மெதுவாக, "நீயும் சின்னப் பிள்ளைதானே, நானா இருந்தாலும் ஓடித்தேன் இருப்பேன்" என்றார். சொன்னவர் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அந்த மூன்றரை மணி நேரம் அவருக்கு எப்படி இருந்தது என்பதை அந்தத் திரும்பலில்தான் பார்த்தேன். மன்னித்துவிட்டார். ஆனால் அது ஒன்றுமே இல்லை என்று பொய் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்கிற வரை, வாரத்தில் இரண்டு நாளாவது அவர் வீட்டில் இருப்பேன்.

அந்த வருடம் குழுவுக்குப் போட்டோ அனுப்ப முடியவில்லை. அடுத்த வருடம் புதுத் தகடு செய்து அனுப்பினேன், சேர்த்துக்கொண்டார்கள். தெருவில் என்னைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிட்டது. மாமியாருக்கு விஷயம் தெரிந்து, அவர் நேரில் வந்து தலைக்கவசத்தைப் போட்டுப் பார்த்தது தனிக் கதை.

இருபது வருடம் ஆகப்போகிறது. இப்போதும் கூட்டமான பஸ்ஸிலோ, ஆஸ்பத்திரி வராந்தாவிலோ, புரியாத ஒரு முனகல் கேட்டு என் கால் தானாக விலகப் பார்க்கும்போது, அந்தக் குரலுக்கு என்னைவிட அதிகமாகப் பயமாக இருக்கலாமே என்று நினைத்து ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.